ஒப்பொசம் அறையின் கடைசி ஈற்று

எங்கள் பகுதி ஆண்டு மலருக்குச் சிரிப்பாக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். "எலி பாத்த கதையை எழுதுங்கோ அன்ரி, சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்" என்றாள் மலர்க்குழுவில் இருக்கும் பிள்ளை. இங்கே பிறந்து வளர்ந்தவள், நல்ல பிள்ளை, மனதில் ஒன்றும் இல்லாமல்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. முதலில், அது எலி இல்லை. பிறகு, அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

நான் ஒஸ்லோவில் ஓர் ஆய்வுநிலையத்தில் விலங்குப் பராமரிப்பாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவள். அதே நகரில், புருசெத்தில் குடியிருக்கிறேன். நான் அங்கே பராமரித்தவை ஒப்பொசம் என்ற சின்னப் பிராணிகள். கங்காருவுக்குத் தூரத்துச் சொந்தம், பிறந்த நாடு தென்னமெரிக்கா. உள்ளங்கையில் அடங்கும். சாம்பல் உடம்பு, கூரிய மூக்கு, மெல்லிய காது, மயிரில்லாத வால். பார்வைக்கு எலி மாதிரித்தான் இருக்கும், அதற்கு நான் என்ன செய்ய? நகருக்குள், குறொன்லாண்டில் மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் தெரிவுசெய்துகொண்டு நிற்கும்போது, "கமலாக்கா, இன்னும் எலியளோடதான் சீவியமோ?" என்று யாராவது கேட்பார்கள். "ஓம், மனுசரிலும் பாக்க அதுகள் பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

போன மாதம் பழைய வேலைத்தோழி ஒருத்தி தொலைபேசியில் எடுத்துக் கதைத்தாள். எங்கள் அறையில் இப்போது மீன்தொட்டிகள் வைத்திருக்கிறார்களாம். கதவில் இருந்த பெயரையும் சுரண்டி எடுத்தாயிற்றாம். "இப்ப எல்லாம் மீனும் கொம்பியூட்டரும்தான்" என்றாள். அதைக் கேட்டதிலிருந்து மனம் சரியில்லை. அதனால்தான் எழுதுகிறேன். சிரிப்பு வேண்டுமென்றவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.

நோர்வேக்கு வந்த புதிதில் வடக்கில் மீன் வெட்டினேன், பிறகு ஒஸ்லோவுக்கு வந்து படிக்கட்டுகள் கழுவினேன். எல்லாரும் செய்ததுதான், விரிக்கத் தேவையில்லை. ஆய்வுநிலையத்தில் கூடு கழுவும் பகுதியில் சேர்ந்து, பாடநெறி முடித்து, ஒருவழியாகப் பராமரிப்பாளர் ஆனேன். ஒப்பொசம் அறைக்கு ஆள் தேவைப்பட்டபோது சீக்ரிட் என்னைக் கேட்டு எடுத்தாள். அவள் மிருக வைத்தியம் படித்த ஆராய்ச்சியாளர். அந்த அறைக்கு அவள்தான் பெரியவள். இந்த நாட்டில் பேராசிரியரில் இருந்து காவலாளிவரை எல்லாருக்கும் பெயரும் 'நீ'யும்தான். அதனால் நானும் அவள் என்றே எழுதுகிறேன், மரியாதைக் குறைவு இல்லை. நோர்வீஜியத்தில் அவள் சொன்னதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன், அப்போதுதான் எனக்கு அவள் குரல் கேட்கும்.

சீக்ரிட் காலையில் அறைக் கதவுக்கு வெளியே நிற்பாள். வருகிறவர்களின் கையைப் பிடித்து மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை மூக்கை வைத்து மணந்து பார்ப்பாள். முதல்நாள் என் தலைப்பக்கம் குனிந்து மூச்சை இழுத்துவிட்டு, "வெந்தயம். குளிச்சிட்டு வா" என்றாள். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. கறி மணக்குது என்று முகம் சுளிக்கிற ஆட்களை இந்த ஊரில் நாங்கள் காணாமலா இருக்கிறோம்? குளியலறையில் நின்று ஆத்திரத்தில் அழுதேன். அடுத்த கிழமை, சவரம் செய்த வாசத்தோடு வந்த ஒரு பேராசிரியரையும் அதே குரலில் "குளிச்சிட்டு வா" என்று திருப்பி அனுப்பினாள். அதைக் கண்ட பிறகுதான் எனக்கு மனம் ஆறியது.

"உள்ளுக்கை இருக்கிறதுகள் மணத்தாலைதான் எல்லாம் அறியுதுகள். நீ வேறை மணம் கொண்டுபோனா அதுகளுக்கு அறை முழுக்கச் சத்தம் போட்ட மாதிரி" என்றாள்.

அன்றிலிருந்து வேலைநாட்களில் காலையில் தாளிப்பதை நிறுத்தினேன். தலைக்கு எண்ணெய் வைப்பதையும், வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவதையும் கைவிட்டேன். "உன்ரை எலிக்காக வீட்டிலை சாமிக்கும் பட்டினி" என்று என் கணவர் முணுமுணுப்பார். அவர் முணுமுணுக்காத நாள் எது, நான் கவனிக்கவில்லை.

இந்தப் பிராணிக்குத் துணை பிடிக்காது. ஒவ்வொன்றும் தனிக் கூட்டில்தான் இருக்கும். ஆணையும் பெண்ணையும் சும்மா ஒன்றாக விட்டால் ஒன்று மற்றதைக் கடித்தே கொன்றுவிடும். மாட்டைப் போல, நாயைப் போல, பெண்ணுக்குத் தானாகப் பருவம் வருவதும் இல்லை. ஆணின் மணம் மூக்கில் ஏறினால்தான் அதன் உடம்பு திறக்கும். மணம் இல்லையென்றால் அது கன்னியாகவே கிழடாகிச் செத்துப்போகும். சீக்ரிட் எனக்கு முதலில் பழக்கியது கூடு மாற்றும் வேலையைத்தான். ஆண் இருந்த கூட்டைக் கழுவாமல், அது கிழித்துப் போட்ட கடதாசிப் படுக்கையோடு அப்படியே வைத்து, பெண்ணை அதற்குள் இறக்க வேண்டும். ஆணைப் பெண்ணின் கூட்டில் விட வேண்டும். ஆளை ஆள் காணாது, மணம் மட்டும்தான். சில நாளில் பெண் நிலத்தோடு மூக்கை வைத்து, ஆண் தன் மணம் பதிய நெஞ்சைத் தேய்த்த இடமெல்லாம் தேடித் தேடி மணக்கும். அந்த மணப்பில் ஒரு மாற்றம் இருக்கும். அதைச் சீக்ரிட் பார்த்த மாத்திரத்தில் சொல்லுவாள், எனக்குப் பிடிபட ஒரு வருடம் எடுத்தது. அதற்குப் பிறகு இரண்டையும் ஒன்றாக விட்டு, தடித்த கையுறையும் ஒரு மட்டையுமாகப் பக்கத்தில் நிற்க வேண்டும். பெண் வாயைத் திறந்து சீறினால் உடனே மட்டையை இடையில் செருகிப் பிரிக்க வேண்டும். சேர்ந்தால் இரண்டும் பக்கவாட்டில் சரிந்து விழுந்து கிடக்கும். முடிந்ததும் தாமதிக்காமல் ஆணை எடுத்துவிட வேண்டும்.

இரண்டு கிழமையில் ஈனும். அறையில் வெளிச்சத்தைத் தலைகீழாக்கி வைத்திருந்தோம், எங்கள் பகல்தான் அதுகளின் இரவு. மங்கிய சிவப்பு வெளிச்சத்தில் முதன்முதல் ஓர் ஈற்றைக் கண்டபோது, ஐயோ கடவுளே என்று கூட்டோடு குனிந்துவிட்டேன். குட்டி என்று சொல்லவே வாய் வராது. ஒரு சோற்றுப் பருக்கை. கண் இல்லை, காது இல்லை, பின்னங்கால் வெறும் முளை. முன்னங்கை இரண்டும் நகமும் மட்டும் முற்றி இருக்கும். அந்தக் கையால் தாயின் வயிற்று மயிரைப் பிடித்துப் பிடித்து, தானே ஊர்ந்து முலையைத் தேடிப் போகும். தாய் தூக்கி விடாது. வழியில் விழுந்தது விழுந்ததுதான். கங்காருவுக்கு இருப்பதுபோல இதற்குப் பையும் இல்லை. முலையைக் கவ்வியதும் முலைநுனி வாய்க்குள் வீங்கிக்கொள்ளும், பிறகு இழுத்தாலும் வராது. தாய் ஓடித் திரியும், குட்டிகள் வயிற்றுக்குக் கீழே வெறும் காற்றில் தொங்கி ஆடும். தோல் அவ்வளவு மெல்லிசு, உள்ளே போன பால் வெள்ளையாகத் தெரியும். இன்னும் இரண்டு கிழமையில் வாய் விடும், தாய் கூட்டில் போட்டுவிட்டு இரை தேடும். மயிர் வரும், கண் திறக்கும், தாயின் முதுகில் ஏறித் திரியும். ஒருநாள் தாயே கடித்துத் துரத்தும். அன்றைக்கு நாங்கள் எல்லாவற்றையும் தனித்தனிக் கூட்டுக்கு மாற்றுவோம். பெண்ணுக்கு இரண்டு வயது தாண்டினால் கருப்பை ஓய்ந்துவிடும்.

எதற்காக வளர்த்தோம் என்பதைச் சொல்ல வேண்டும். இந்தக் குட்டி பிறந்த முதல் கிழமையில், அதன் முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்பை வெட்டினாலும் அது திரும்ப வளர்ந்து இணையும். குட்டி வளர்ந்து நடக்கும். சில கிழமை பிந்தி அதே வெட்டை வெட்டினால் சரி, அவ்வளவுதான், பின்னங்கால் சாகும் மட்டும் இழுபடும். இடையில் அந்த உடம்பில் எது மூடிக்கொள்கிறது? சீக்ரிட் தன் வயதையெல்லாம் அந்த ஒரு கேள்வியில்தான் கழித்தாள்.

அவள் வெட்டும்போது நான் விளக்குப் பிடிப்பேன். தாயை மயக்கி மல்லாக்கப் படுக்கவைத்து, தொங்குகிற குட்டியைச் சின்ன ஐஸ் துண்டால் குளிராக்கி மரக்கவைப்பாள். மூச்சை அடக்கிக்கொண்டு வெட்டுவாள். கண்ணிமை மயிரைவிடச் சின்ன வெட்டு. இரத்தம் மணந்தால் தாய் தன் குட்டியையே தின்றுவிடும் என்பதால், துடைத்துத் துடைத்து, தாயின் சொந்தப் படுக்கைக் கடதாசியை எடுத்து மேலே தேய்ப்பாள். ஒருநாளும் அவசரப்பட்டதில்லை. ஒரு குட்டி செத்தால் அன்றைக்கு யாரோடும் கதைக்க மாட்டாள்.

என் தம்பி நேசன் சாவகச்சேரியில், எங்கள் தங்கச்சி வீட்டில், கட்டிலில் கிடக்கிறான். லொறி ஓடித் திரிந்தவன். கடைசிச் சண்டையில் ஷெல் துண்டு முதுகில் ஏறியதோடு இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வட்சப்பில் எடுப்பான். தன் படுக்கைப் புண்ணைப் பற்றி ஒரு சொல் சொல்லமாட்டான், கேட்பதெல்லாம் என் அறையைப் பற்றித்தான்.

"அக்கா, வெட்டினதுகள் என்னமாதிரி?"

"நடக்குதுகள். ஓடுதுகள். நேற்று ஒண்டு என்ரை விரலைக் கடிச்சுப் போட்டுது."

"அடி சக்கை! கடிக்கட்டும், நல்லாக் கடிக்கட்டும்!"

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சீக்ரிட்டிடம் கேட்டேன், என் தம்பிக்கு இதால் ஏதும் ஆகுமா என்று. அவள் கையுறையைக் கழற்றினாள், எனக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். "இல்லை, கமலா. அவன்ரை ஆயுளுக்குள்ளை வராது. உனக்குப் பொய் சொல்லமாட்டன்" என்றாள். அடுத்த ஞாயிறு அதை நேசனிடம் அப்படியே சொன்னேன். மறைத்து என்ன பிரயோசனம்?

"எனக்கு வராது எண்டு எனக்குத் தெரியாதோ? நான் என்ன விசரனோ?" என்றான். "ஆனா எங்கையோ ஒரு அறையிலை வெட்டினது திரும்ப நடக்குது எண்டு தெரிஞ்சாப் போதும் எனக்கு. கண்ணை மூடிக்கொண்டு அதை நினைச்சுத்தான் நித்திரை கொள்ளுறன். அதை விட்டிடாதேங்கோ அக்கா."

அதற்குப் பிறகு எனக்கு அது வெறும் வேலை இல்லை. அந்த அறை இருக்கும்வரை என் தம்பிக்கு நித்திரை இருக்கிறது, அவ்வளவுதான்.

பிறகு புதுக் கட்டடம் வந்தது. நல்ல கட்டடம், பொய் சொல்லக்கூடாது. எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் என்று கட்டியது. ஒவ்வொரு கூட்டுக்கும் தனிக் காற்று, ஆண்களுக்கு ஓர் அறை, பெண்களுக்கு இன்னோர் அறை. இடம்மாறுவதற்கு முதல் டுக்னாட் வைத்தார்கள். டுக்னாட் இந்த நாட்டில் பெரிய காரியம். பெரியவர் சின்னவர் என்றில்லாமல் எல்லாரும் கூடி, கூலியில்லாமல், வாஃபிளும் கோப்பியுமாகச் செய்கிற வேலை. வராமல் நிற்பது வெட்கக்கேடு. அந்தக் கிழமை பார்த்து வடக்கில் சீக்ரிட்டின் தாய் இறந்து அவள் செத்தவீட்டுக்குப் போயிருந்தாள். போகமுன், ஒவ்வொரு கூட்டிலும் ஒரு பிடி பழைய படுக்கை வைத்து அனுப்பச் சொல்லியிருந்தாள்.

கட்டடப் பொறுப்பாளர் நல்ல மனுசன், சிரித்த முகம். நான் படுக்கையைப் பற்றிச் சொன்னேன். "புதுக் கட்டடத்துக்குள்ளை ஒரு துளி அழுக்கும் வரக்கூடாது, கமலா. ஆண்கள் உயிரோடதானே வருகினம், மணமும் கூட வரும்தானே" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருப்பதுபோலத்தான் இருந்தது. கணக்காளர், பேராசிரியர், எல்லாரும் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்து, கொண்டுபோகிற கூடுகளையெல்லாம் பாட்டுப் பாடித் தேய்த்தார்கள். சீக்ரிட்டுக்குத் துக்க நேரத்தில் ஓர் உதவி என்று எங்கள் அறைக் கூடுகளை இன்னும் ஒரு முறை கூடுதலாகத் தேய்த்தார்கள். தலைமுறை தலைமுறையாக ஆண்கள் நெஞ்சைத் தேய்த்துக் கறுத்துப் பிசுபிசுத்துப்போன, அதுகள் படுக்கும் மரப்பெட்டிகள் எல்லாம் குப்பைத் தொட்டிக்குப் போயின. பதிலாக வெள்ளைப் பிளாஸ்ரிக் பெட்டிகள். அன்பால்தான் செய்தார்கள். அதுதான் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல், யாரைப் பிடித்து ஏச முடியும்?

சீக்ரிட் திரும்பி வந்த அன்று புது அறைக் கதவடியில் என் கையை மணக்கவில்லை. நேரே உள்ளே போனாள். நடு அறையில் நின்று மூச்சை இழுத்தாள். கவிழ்த்து வைத்திருந்த வாளியில் இருந்துகொண்டு, "நல்ல சுத்தமாய் இருக்கு" என்றாள்.

பெண்களுக்குப் பருவம் நின்றுபோனது. ஒன்றுக்கும் வரவில்லை. ஆணின் கூட்டைக் கழுவாமல் பெண்களின் அறைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சீக்ரிட் கேட்டாள். அழுக்கு அறைவிட்டு அறை போகக்கூடாது என்பது கட்டடத்தின் விதி. அந்தக் கூட்டம், இந்தக் கூட்டம், அடுத்த மாதம், விடுமுறைக்குப் பிறகு என்று இழுபட்டது. ஒருவரும் முடியாது என்று சொல்லவில்லை, எல்லாரும் பரிவாகத் தலையாட்டினார்கள். அதற்கிடையில் பெண்கள் ஒவ்வொன்றாக வயது தாண்டின. தினமும் காலையில் நான் தண்ணீர் வைத்து, புழு போட்டு, ஓய்ந்துகொண்டிருக்கிற உடம்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு கண்ணாடியும் காற்றும் வைத்து ஒரு பிராணியைச் சந்ததி இல்லாமல் செய்ய முடியும் என்று யார் நினைத்தது?

ஒருவழியாக அனுமதி வந்தபோது, ஈனக்கூடிய பெண் என்று மிஞ்சியது ஒன்றே ஒன்று. இடது காதில் வெட்டு அடையாளம் உள்ளது, அதுவும் வயதெல்லையில் நின்றது. ஓர் ஆணின் கூட்டைக் கழுவாமல், மூடிய பெட்டிக்குள் வைத்து, பிள்ளையைக் கொண்டுபோவதுபோல நானே தூக்கிக்கொண்டு போனேன். முதல் நாள் அது மூலையில் சுருண்டு கிடந்தது. பிறகு மெதுவாக எழும்பி வந்து மூக்கை நிலத்தில் வைத்தது. சீக்ரிட் என் கையைப் பிடித்து நெரித்தாள். அவ்வளவு காலத்தில் அவள் என் கையை மணக்காமல் பிடித்தது அன்றைக்குத்தான்.

சேர்ந்தது. அடுத்த இரண்டு கிழமையும் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தோம். ஒரு முற்பகலில், சிவப்பு வெளிச்சத்தில், அது குந்தி இருந்து குனிந்து நக்கத் தொடங்கியது. பருக்கைகள் வந்தன. ஒன்று வழியில் விழுந்தது. ஐந்து ஏறிப் பிடித்தன. "ஐஞ்சு!" என்று நான் தமிழில் கத்த, சீக்ரிட்டுக்கு அது விளங்கியது. நேசனுக்கு வேலையிடத்திலிருந்தே செய்தி அனுப்பினேன். தங்கச்சியை விடாமல் கேட்டு அரியண்டப்படுத்தி அன்றைக்கே பாயசம் காய்ச்சுவித்தானாம்.

முதல் கிழமைக்குள் வெட்டினால்தான் உண்டு. சீக்ரிட் இரண்டை மட்டும் வெட்டினாள், மூன்றை இனத்துக்கென்று தொடாமல் விட்டாள். அதற்கும் சில நாள் கழித்துத்தான் ஆணா பெண்ணா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியில் தெரியும். சீக்ரிட் பார்த்தாள். திரும்பப் பார்த்தாள். எழும்பி என்னை இருக்கச் சொல்லி, "நீயும் பார்" என்றாள். நானும் பார்த்தேன். ஐந்தும் ஆண்.

தாயை இன்னொரு தரம் சேர்க்கப் பார்த்தோம், அது மணக்கவே இல்லை. வெளிநாட்டிலிருந்து பெண்கள் எடுக்கச் சீக்ரிட் கேட்டாள். ஒரு மேசையைச் சுற்றி இருந்து, மிகவும் மரியாதையாக, இனி மீன் போதும் என்று முடிவெடுத்தார்கள். அறையை மூட வேண்டும், பிராணிகளை முடிக்க வேண்டும். பெண் இல்லாமல் ஆண்களை வைத்து என்ன செய்வது என்று கேட்டார்கள்.

வெட்டிய இரண்டும் அதற்குள் வளர்ந்திருந்தன. மற்றவற்றைவிடக் கொஞ்சம் சாய்ந்து நடக்கும், ஆனால் நடக்கும். ஒன்று கம்பிவலையில் தலைகீழாகத் தொங்கி எங்களைப் பார்க்கும்.

கடைசி நாள் வேலையைச் சீக்ரிட் வேறு ஒருவருக்கும் கொடுக்கவில்லை. ஒவ்வொன்றையும் பெட்டிக்குள் விட்டு, மயக்கவாயு திறந்து, நன்றாக நித்திரையான பிறகு ஊசி போட்டாள். ஒன்று முடிந்ததும் பெட்டியை நான் கழுவித் துடைத்துக் கொடுப்பேன். "முந்தினதின்ரை பயம் அடுத்ததுக்கு மணக்கக்கூடாது" என்றாள். கழுவினேன், துடைத்தேன், கொடுத்தேன். அந்தக் கட்டடத்தில் நான் சுத்தம் செய்ததில் அது ஒன்றுதான் அதுகளுக்கு உதவியது. நடந்த இரண்டையும் கடைசியாக வைத்திருந்தாள். அவற்றுக்கு ஊசி போட அவள் கை வரவில்லை. நான் பிடித்துக்கொண்டேன், அவள் போட்டாள். பிறகு கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, "உன்ரை தம்பிக்கு என்ன சொல்லுவாய்?" என்று கேட்டாள். மேலங்கியை எடுத்துக்கொண்டு போனவள்தான், பிறகு அந்தக் கட்டடத்துக்குள் வரவில்லை. நானும் அதே வருடம் ஓய்வு எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நேசன் எடுத்தான். பக்கவாட்டில் படுத்திருந்தான், கதைக்கும்போது முகம் கோணியது, புண் கூடியிருக்க வேண்டும்.

"அக்கா, முடிஞ்சுதோ?"

"ஓம் தம்பி."

"நடந்ததுகளுமோ?"

"அதுகளும்தான்."

"நொந்ததோ அதுகளுக்கு?"

"இல்லையடா. நித்திரையாக்கிப் போட்டுத்தான். ஒண்டும் அறியாதுகள்."

அவனுடைய காற்றாடிச் சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு, சிரிப்பும் இல்லாமல் அழுகையும் இல்லாமல் சொன்னான்: "குடுத்து வைச்சதுகள்."

தங்கச்சி வந்து, பக்கம் மாற்றும் நேரமாகிவிட்டது என்று அவனை மற்றப் பக்கம் திருப்பிப் படுக்கவைத்தாள். முகம் சுவர்ப்பக்கம் போய்விட்டது. தொலைபேசியை அவள் நிறுத்த மறந்துவிட்டாள். அவனுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நான் இருந்தேன்.